உன் அப்பாவின் கார்டும் நான் குத்திய சீலும்

12.2.2026, வியாழன்

அன்பு மகன் முத்தமிழ்செல்வனுக்கு அம்மா சிந்தாமணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் ஒரு மாசமாகக் காய்ச்சல். நீயும் மருமகள் வினோதினியும் அவள் வயிற்றில் இருக்கிற குட்டியும் அந்த ராஜஸ்தான் குளிரில் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொன்னால்தான் மீதி எழுத வரும். பொங்கல் முடிந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ போன் செய்தபோது கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் இருக்கிறேன், பூசை நடக்கிறது, சத்தமாகப் பேச முடியாது என்று குசுகுசுவென்று சொன்னேன் அல்லவா, நீகூட எனக்கும் சேத்து வேண்டிக்கம்மா என்றாய். நான் அன்றைக்குக் கோயிலில் இல்லை தம்பி. நம் வீட்டுக் கக்கூசில் இருந்தேன். தாழ்ப்பாளை இன்றைக்குச் சரிசெய்கிறேன் நாளைக்குச் சரிசெய்கிறேன் என்று உன் அப்பா இரண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருப்பதால், ஒரு காலால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒண்ணரை மணி நேரம் நின்றேன். வேண்டுதல் மட்டும் நிஜம், வாசலில் உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்து போக வேண்டும் என்று தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன், உனக்காகவும் ஒரு வார்த்தை சொன்னேன், அந்த இடத்தில் சொன்னதற்குப் பலிக்குமா என்று தெரியவில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்தது யார் என்று இந்நேரம் உனக்கே தெரிந்திருக்கும், உன்னிடம் போனில் பேசிப் பயமுறுத்தினானே, அதே கிரெடிட் கார்டு வசூல்காரத் தம்பிதான். அவன் பேச்சைக் கேட்டு வருகிற இருபதாம் தேதிக்குள் முழுப் பணத்தையும் அனுப்பிவிடுகிறேன் என்று நீ வாக்குக் கொடுத்துவிட்டாய். அது எந்தப் பணம் என்று எனக்குத் தெரியும். வினோதினியின் பிரசவத்துக்கு எடுத்துவைத்தது, பற்றாததற்கு உன் சிமெண்டு கம்பெனி சொசைட்டியில் வேறு கடன் கேட்டிருக்கிறாய். போன வாரம் வேண்டாம்டா என்று நான் சொன்னதற்கு, அம்மா ஒனக்கு ஒண்ணும் தெரியாது, முந்திரிக் கொல்லைய ஏலத்துல வுட்டுட்டாங்கன்னா என்னா பண்ணுவ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது சரிதான், ஐந்தாம் வகுப்பை முழுசாகப் படிக்காதவள். ஆனால் இப்போது தெரிந்தவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் புகுந்து பேசுவாய், உன் அப்பா வேறு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இருமுவார், அதனால்தான் எழுதுகிறேன். ஒரு ரூபாய்கூட அனுப்பாதே. கடைசி வரைக்கும் படி, படித்த பிறகு திட்டுவதாக இருந்தால் திட்டு.

உன் அப்பா அந்தக் கார்டை வாங்கியது நான்கு வருசத்துக்கு முன்னால், டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் டை கட்டிய ஒரு பெண் நின்றுகொண்டு சார் சார் என்று கூப்பிட்டுக் கொடுத்ததாம். அதுவரைக்கும் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை, நான் தினமும் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் இந்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் மிச்சமாகியிருக்கும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு காண்டிராக்டர் வண்டியைக் கொடுக்கவில்லை, அதை என்னிடம் பாதிதான் சொன்னார். வருமானம் நின்ற பிறகும் கல்யாணம் காதுகுத்து என்று எதையும் விடவில்லை, ஆவணியிலும் தையிலும் ஊர் ஊராகப் போய் மொய் வைத்தார், மணிவேல் டிரைவருக்குத் தாராளக் கை என்று எல்லாரும் சொன்னார்கள். அவ்வளவும் அந்தக் கார்டை மெஷினில் சொருகி எடுத்த காசு. அப்புறம் அந்தப் பெரிய டிவி. தீபாவளிக் குலுக்கலில் விழுந்தது என்று சொல்லி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாரே, நான் தெரு முழுக்கக் கேசரி கிண்டிக் கொடுத்தேனே, அதுவும் கார்டுதான். கடன் வாங்கியதைக்கூட மன்னித்துவிடுவேன், அந்தக் கேசரியை மன்னிக்க மாட்டேன், முந்திரிப் பருப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டேன்.

மார்கழிக் கடைசியில் அந்தத் தம்பி முதல் தடவை வந்தபோது உன் அப்பா வீட்டில் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஒரு அட்டை, பார்க்க நல்ல பிள்ளை மாதிரிதான் இருந்தான். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஒங்க வூட்டுக்காரரு இவ்ளோ பாக்கி வச்சிருக்காரும்மா என்று போனில் காட்டினான், எனக்கு அந்தச் சைபரையெல்லாம் எண்ணி முடிக்கவே நேரம் ஆனது. அவரு கடனுக்கு நான் என்னா தம்பி பண்றது என்று கேட்டேன். அப்புடி எல்லாம் சொல்ல முடியாதும்மா, பொண்டாட்டியும் பொறுப்புதான், முந்திரிக் கொல்ல ஒங்க பேர்லதான இருக்கு, கட்டலன்னா ஏலம், அப்பறம் போலீஸ் கேசு என்று ரொம்பப் பணிவாகச் சொன்னான். நான் அதை நம்பினேன்டா. ஏன் நம்பினேன் என்றால், ஒன்பது வருசமாகக் குழுத் தலைவியாக இருக்கிறேன், நம் குழுவில் லோன் கொடுக்கிறவர்கள் பெண்டாட்டிக்குக் கொடுத்தாலும் புருசன் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மீதிப் பேர் போட்டுக் கட்ட வேண்டும். கடன் என்றாலே இப்படித்தான் என்று பழகிவிட்டது. அவன் ஒரு தாளை நீட்டி, நான் வந்துட்டுப் போனதுக்கு ஒரு கையெழுத்து என்றான். போட்டேன். போட்டதோடு விட்டேனா, கையெழுத்துப் போட்டால் கை தானாக இடுப்புப் பைக்குள் போகிறது, குழு சீலை எடுத்து வாயால் ஊதி என் பேருக்குக் கீழே ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். மல்லிகை மகளிர் சுய உதவிக் குழு, தலைவி என்று வட்டமாக, ஊதாக் கலரில், ஒரு எழுத்துக்கூட அழியாமல் விழுந்தது. தபால்காரர் கொண்டுவருகிற தாளில்கூடக் குத்துவேன், உனக்குத் தெரியும், நீகூடச் சிரிப்பாய். அன்றைக்கு அவனும் அதைப் பார்த்துச் சிரித்தான், நான் மரியாதைக்குச் சிரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை அவன் வந்தபோதுதான் நான் கக்கூசில். நான் வெளியே வராததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளிடம் போயிருக்கிறான், நம் குழுச் செயலாளர் வீடு என்று அவனுக்கு எப்படித் தெரிந்ததோ. போனில் அந்தத் தாளின் படத்தைக் காட்டி, பாருங்க ஒங்க குழு சீலு, குழுவே பொறுப்பு ஏத்துருக்கு என்று சொல்லியிருக்கிறான். காலைக் கதவிலிருந்து எடுத்து நான் வெளியே வருவதற்குள் குழுவில் மீதிப் பன்னிரண்டு பேருக்கும் செய்தி போய்விட்டது. அன்று சாயங்காலமே குழுக் கட்டடத்தில் கூட்டம். நான் கூட்டாத முதல் கூட்டம் அது. கொளஞ்சியம்மாள், ஏன் சிந்தாமணி, ஒம் புருசன் டிவி பாக்குறதுக்கு நாங்க பன்னண்டு பேரும் தவணை கட்டணுமா, எங்க வூட்டுல இன்னும் பொட்டி டிவிதான் ஓடுது என்று கேட்டாள். எல்லாரும் சிரிப்பார்கள் என்று பார்த்தேன், ஒருத்தியும் சிரிக்கவில்லை. குழு சீலை எடுத்து நடுவில் வைத்தேன், யாரும் தொடவில்லை. அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த பொன்னம்மாள் பேசினாள். அவள் கதை உனக்குத் தெரியாது. இரண்டு வருசத்துக்கு முன்னால் அவள் புருசன் உரக்கடையில் கடன் வைத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான், கடைக்காரர் என்னிடம் வந்து அழுதார், நான்தான் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டுபோய் அவள் வாசலில் உட்கார்ந்தேன். புருசன் கடன்னா பொண்டாட்டி கடன்தான்டி என்று சொன்னது நான். மூன்றாம் நாள் சினை மாட்டை விற்றுக் கட்டினாள். கூட்டத்தில் அவள் என்னைப் பார்த்து, தலைவி நீயாவது சீலு குத்துன, அன்னிக்கு நான் எதுலயாவது கையெழுத்துப் போட்டனா என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு மறுநாள்தான் நீ போன் செய்து பணம் அனுப்பப்போவதாகச் சொன்னாய். கொல்லை பூவெடுத்து நிற்கிறது, என் அப்பா எனக்கென்று எழுதிவைத்த ஒரு ஏக்கர், அதை நினைத்து ஒரு பக்கம் பயம், குழுவை நினைத்து ஒரு பக்கம், உன் பிள்ளைக்கு வைத்த பணத்தை நினைத்து இன்னொரு பக்கம். உன் அப்பா இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே சோறு தின்னாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், டிவியைக்கூடப் போடவில்லை. மூன்றாம் நாள் நான் புடவையை மாற்றிக்கொண்டு அரியலூருக்குக் கிளம்பினேன், கோர்ட்டு வளாகத்தில் காசு வாங்காமல் சட்டம் சொல்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் கேட்டது ஞாபகம் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் பொன்னம்மாள் நிற்கிறாள். நானும் வரேன், எனக்கும் ஒண்ணு கேக்கணும் என்றாள். ஜன்னல் சீட்டை அவளுக்கு விட்டேன்.

அங்கே அம்பிகா என்று ஒரு லாயரம்மா, வினோதினி வயசுதான் இருக்கும், ஆனால் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றும் ஊசி. கார்டு யாரு பேர்லம்மா. அவர் பேரில். வாங்கும்போது நீங்க எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா, ஜாமீன் நின்னீங்களா, சேந்து வாங்குனீங்களா. இல்லை, எனக்குக் கார்டு இருப்பதே தெரியாது, எனக்குத் தெரிந்தது குலுக்கல்தான். லாயரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார், அப்ப அது அவரு கடன், பொண்டாட்டிங்கிற ஒரே காரணத்துக்காக ஒங்ககிட்ட கேக்க முடியாது, மகன்கிட்டயும் கேக்க முடியாது, கேசு போட்டா அவரு மேலதான் போடணும், ஜெயிச்சாலும் அவரு பேர்ல இருக்குறதத்தான் தேடணும், ஒங்கப்பா ஒங்களுக்குக் குடுத்த கொல்லையத் தொட முடியாது, கார்டு பணம் கட்ட முடியலங்குறதுக்காகப் போலீஸ் வந்து புடிச்சிட்டுப் போறதும் கெடயாது என்று. அவரு பேர்ல ஒரு பழைய மொபெட்டும் ஒரு பெருமையும்தாம்மா இருக்கு என்றேன். அவரு செத்துப் போயிட்டா என்று பொன்னம்மாள் கேட்டாள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரு விட்டுட்டுப் போற சொத்து எவ்ளவோ அந்த அளவுக்குத்தான் கடனுக்குப் பதில் சொல்லும், அதுக்கு மேல குடும்பம் கையிலேர்ந்து போட வேண்டியதில்ல என்றார். அப்போ மொபெட்டைக் கொடுத்துவிடலாம் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

தெம்பு வந்த வேகத்தில் சீல் கதையைச் சொன்னேன். லாயரம்மா முகம் மாறிவிட்டது. நீங்க படிச்சுப் பாத்துட்டா போட்டீங்க. இல்லை, இங்கிலீசு. நகல் வாங்குனீங்களா. இல்லை. சட்டம் ஒங்க பக்கம்தாம்மா, ஆனா நான் பொறுப்பு ஏத்துக்குறேன்னு நீங்களே எழுதிக் குடுத்துருந்தா அதை வச்சு இழுப்பாங்க, அந்தத் தாளப் பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் என்றார். பாங்குக்கு ஒரு கடிதம் எழுதி, நகல் அனுப்பச் சொல்லி, நான் ஜாமீனும் இல்லை சேர்ந்து கடன் வாங்கியவளும் இல்லை என்று அதிலேயே எழுதி, பதிவுத் தபாலில் போட்டோம். கிளம்பும்போது பொன்னம்மாள் அவள் கேள்வியைக் கேட்டாள். கையெழுத்துப் போடாத கடனுக்கு ஒருத்தி மாட்ட வித்துக் கட்டிட்டா, அதத் திருப்பிக் கேக்க முடியுமாம்மா. லாயரம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார், நான் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன். மனசார கட்டிட்டா திரும்பக் கேக்குறது கஷ்டம்மா என்றார். மனசார இல்லம்மா என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போய்விட்டாள்.

அப்புறம் பதினைந்து நாள் நான் பட்ட பாட்டை எழுதினால் தபால் செலவு கட்டுப்படியாகாது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை, சீல் கொளஞ்சியம்மாளிடம் போய்விட்டது. கொல்லைக்குப் போனால் பூவைப் பார்க்காமல் மரத்தை எண்ணிக்கொண்டு நிற்பேன், நாற்பத்தாறு மரம், எத்தனை தடவை எண்ணினாலும் அதேதான். நேற்றைக்கு முன்தினம் நகல் வந்தது. உறையைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு அரியலூருக்கு ஓடினேன், இந்தத் தடவை உன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். லாயரம்மா படித்தார், நெற்றியைச் சுருக்கினார், திரும்பப் படித்தார், உன் அப்பா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடித்ததில்லை. அது வந்துபோனதற்கான தாள்தானாம். எந்தத் தேதி, யாரைப் பார்த்தேன், என்ன உறவு, என்ன சொன்னார் என்று கட்டம் போட்டது. கடைசிக் கட்டத்தில் மனைவி கட்டுவதாகச் சொன்னார் என்று அந்தத் தம்பி அவனே எழுதிவைத்திருக்கிறான். அது அவன் குறிப்பு, நீங்கள் ஜாமீன் நின்றதாக ஒரு வரியும் இல்லை, குழு தீர்மானம் போடாமல் அந்தச் சீலுக்கும் ஒரு மதிப்பும் இல்லை என்று லாயரம்மா சொன்னார். அப்படி நான் சொல்லவே இல்லை என்று இன்னொரு கடிதமும் அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டேன், கீழே வெறும் சிந்தாமணி.

ஆனால் உன் அப்பா நிம்மதியாக மூச்சு விட்டதைப் பார்த்து லாயரம்மா அவர் பக்கம் திரும்பினார், அய்யா ஒங்க மனைவிக்குத்தான் இல்லேன்னேன், ஒங்களுக்கு இருக்கு, ஓடி ஒளிஞ்சா வட்டிதான் ஏறும் என்றார். உன் அப்பா தலையை ஆட்டினார். மாசா மாசம் கட்டித் தீர்க்கிறேன், வட்டியைக் குறையுங்கள் என்று அவர் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார், பாங்கிலிருந்து இன்னும் பதில் வரவில்லை, ஒத்துக்கொள்வார்களா என்று தெரியாது. அரியலூரில் ஒரு லாரி யார்டில் பகல் காவலுக்குச் சேர்ந்திருக்கிறார். மொய் வைப்பது கொஞ்ச நாளைக்கு நின்றது, கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பொன்னம்மாளிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. நேற்று அவள் வீட்டுக்குப் போய், நான் அன்னிக்குப் பண்ணுனது தப்புடி என்று சொன்னேன். சரி என்றாள். டீ கொடுத்தாள். உட்கார் என்று சொல்லவில்லை, நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்தேன். இந்தப் போகத்தில் கொட்டை விற்றதும் அவளுக்கு ஒரு கன்றுக்குட்டியாவது வாங்கிக் கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்வாளா தெரியாது.

இப்போது உன் விஷயம். இருபதாம் தேதி என்று நீ கொடுத்த வாக்கை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன் என்று வைத்துக்கொள். அந்தத் தம்பி கூப்பிட்டால் சண்டை போடாதே, நான் கட்டுகிறேன் என்றும் சொல்லாதே, எதுவாக இருந்தாலும் எழுத்தில் அனுப்புங்க, கடன் அப்பாவோடது, அவரு பாங்குக்கு எழுதிருக்காரு என்று மட்டும் சொல். காலை எட்டு மணிக்கு முன்னாலும் ராத்திரி ஏழு மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாதாம், கூப்பிட்டால் நேரத்தைக் குறித்துவை, புகார் கொடுக்க உதவும் என்றார் லாயரம்மா. சொசைட்டியில் கேட்ட கடனை வேண்டாம் என்று எழுதிக் கொடு. உன்னிடமும் அந்த மாதிரிக் கார்டு ஏதாவது இருந்தால் இன்றைக்கே வினோதினியிடம் சொல்லிவிடு, கடன் அவள் தலையில் விழாது என்று தெரிந்துவிட்டதால் மறைக்கலாம் என்று நினைக்காதே, வாசலில் ஒரு ஆள் வந்து சொல்லித் தெரிந்துகொள்வது மாதிரி ஒரு அவமானம் பெண்டாட்டிக்கு வேறு இல்லை. அவளை மாடிப்படி அதிகம் ஏறவிடாதே, அங்கே முருங்கைக் கீரை கிடைக்காவிட்டால் வேறு ஏதாவது பச்சையாகச் சாப்பிடச் சொல், நீ சமைத்ததை மட்டும் கொடுக்காதே, பாவம் அந்தப் பிள்ளை. பங்குனியில் வளைகாப்புக்குக் கூட்டிக்கொண்டு வா, டிக்கெட்டை இப்போதே போடு, அந்தப் பணம் அதற்குத்தான். நகல்களை எல்லாம் இதோடு வைத்திருக்கிறேன், பத்திரம்.

நீ, உன் பெண்டாட்டி, வரப்போகிற என் பேரக்குழந்தை மூன்று பேரும் கடன் கேட்டு யாரும் வாசலுக்கு வராத வாழ்வு வாழ வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் அனுப்பலம்மா என்று ஒரு வார்த்தை போனில் சொல், அது வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
ம. சிந்தாமணி
(சீல் இல்லை)

பின்குறிப்பு: இனிமேல் அந்தக் கார்டை ஜென்மத்துக்கும் தொட மாட்டேன் என்று உன் அப்பா இன்று காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்று கார்டைக் கத்தரிக்கோலால் நான்கு துண்டாக வெட்டினார். கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. வெட்டியது ரேஷன் கார்டு. துண்டுகளை டேப் போட்டு ஒட்டிக் கடைக்குக் கொண்டுபோனேன், மெஷினில் எடுக்கவில்லை. புதுசுக்கு மனு கொடுத்திருக்கிறோம்.